மஞ்சள் பூசிய மாக்கல்

இரண்டு விறகுத் துண்டுகளை இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டுகிறார் பிச்சுமணி. 'டங்' என்று கேட்டால் காய்ந்த விறகு. தலையை ஆட்டி வீட்டுக்குள் அனுமதிப்பார். 'தொப்' என்று கேட்டால் ஈரம். "நீ அடுத்த வருஷம் வா" என்று அதனிடமே சொல்லிக் கொல்லைப்புற அடுக்குக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். காலை ஆறரை மணி, நியூ ஜெர்ஸியின் டிசம்பர். நீளக் கம்பளி உள்ளாடைக்கு மேல் வேஷ்டி, வேஷ்டிக்கு மேல் பனிக்கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய். எதிர்வீட்டு ஃப்ராங்க் முதல் வாரம் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். இப்போது பார்ப்பதில்லை.

நாற்பத்தெட்டு வயது. தொலைபேசி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கேபிள்களின் மேல்தோலைச் சோதிப்பது உத்தியோகம். எது எத்தனை டிகிரியில் இளகும், எது எத்தனை வருஷத்தில் வெடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுபத்தைந்தில் ஆராய்ச்சிக்கூடத்துப் புல்வெளிக்கு அடியில் தன் கையாலேயே பன்னிரண்டு கேபிள் துண்டுகளைப் புதைத்திருக்கிறார். தொண்ணூறில் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டவர் மாதிரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவார். சட்டைப் பையில் பேனாவுக்குத் துணையாக ஒரு தெர்மாமீட்டர். காபியைக் கையில் கொடுத்தால், "நூத்தி நாப்பது ஃபாரன்ஹீட் இருக்கும்" என்று அறிவித்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஸ்டேஷன் வேகனின் பின்பக்கம் கோடரியும் கயிறும் நிரந்தர வாசம். புயல் அடித்த மறுநாள் ஆபீசுக்கு அரைமணி முன்னாலேயே கிளம்பி, தெருவோரம் விழுந்த கிளைகளைப் பொறுக்குவார். கழுத்து டையில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருக்க மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். போன மாதம் ஒரு சீமந்தத்துக்குப் பட்டு வேஷ்டியோடு போனவர், தாம்பூலப் பையோடு அந்த வீட்டுப் பட்டுப்போன மேப்பிள் மரத்தில் பாதியையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். தமிழ்ச் சங்கத்துக் குழந்தைகளுக்கு அவர் 'வுட் அங்கிள்'. பிச்சுமணி என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது.

இத்தனை பாடும் ஹாலில் உட்கார்ந்திருக்கும் ஒரு அடுப்புக்காக. நானூற்றைம்பது பவுண்டு. இரும்புச் சட்டத்துக்குள் சாம்பல் நிற மாக்கல் பலகைகள். குட்டி யானை ஒன்று மண்டியிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். விறகைப் போட்டுக் கதவைச் சாத்தினால் கல் மெல்ல மெல்லச் சூடேறும். நெருப்பு அணைந்து ஆறு ஏழு மணி நேரம் ஆனாலும் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

"கோபம் மாதிரி இல்லை விசாலம், ரோஷம் மாதிரி. லேசுல ஏறாது, ஏறித்துன்னா லேசுல இறங்காது" என்று மனைவி விசாலாக்ஷிக்கு விளக்கினார்.

"உங்காத்து மனுஷா மாதிரின்னு சொல்லுங்கோ" என்றாள் அவள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பனிமழையில் மூன்று நாள் மின்சாரம் போயிற்று. நிலவறையில் எண்ணெய் நிறைந்து நின்ற, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், கரண்ட் இல்லாமல் வாயைத் திறக்கவில்லை. குடும்பத்தோடு சிநேகிதர் சுவாமிநாதன் வீட்டில் போய்த் தங்க வேண்டியதாயிற்று. மூன்று நாளும் அடுத்தவர் துண்டில் முகம் துடைத்தது பிச்சுமணிக்கு ஆறவில்லை. எண்பத்துநாலு அக்டோபரில் வெர்மான்ட் பக்கத்திலிருந்து லாரியில் அடுப்பு வந்து இறங்கியது.

கூடவே ஒரு புத்தகமும் வந்தது. புதுக்கல்லை முதலில் பழக்க வேண்டும் என்று அதன் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. அந்த இடத்திலேயே அவர் புத்தகத்தை மூடிவிட்டார். மாக்கல்லைப் பழக்குவது பற்றி வெர்மான்ட்காரன் அவருக்குச் சொல்ல வேண்டுமா? கல்சட்டியும் இதே கல்தானே? புதுக் கல்சட்டிக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவி ஊற வைப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர். மருந்துக்கடைக்குப் போய் அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய் சீசாக்கள் அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். கடைக்காரப் பெண் சீசாக்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தி, "குடும்பம் முழுக்கவா?" என்று கேட்டாள்.

ஐந்து நாள், ஆபீசிலிருந்து வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தடவினார். "ஏன்னா, அது அடுப்பா, சட்டியா?" என்று விசாலாக்ஷி கேட்டதற்கு, "கல்லு கல்லுதான்" என்று பதில் வந்தது. ஆறாம் நாள் சனிக்கிழமை, கற்பூரம் காட்டிப் பற்ற வைத்தார். கால் மணியில் அடுப்பின் உள்ளே போக வேண்டிய புகை வெளியே கல்லிலிருந்தே கிளம்பிற்று. மேல் மாடியில் புகை மணி அலறியது. ஃப்ராங்க் தீயணைப்பு உருளையோடு செருப்பில்லாமல் ஓடி வந்தான். மூன்றாம் பக்கத்தை அன்று மாலைதான் படித்தார்: கல்லைப் பழக்குவது என்றால் மூன்று நாளைக்குச் சின்னச் சின்னதாகத் தீ போட்டு அதன் ஈரத்தைப் போக்குவது. எண்ணெய் என்ற வார்த்தையே புத்தகத்தில் இல்லை.

விளக்கெண்ணெய் நாற்றம் பத்து நாள் போகவில்லை. பதின்மூன்று வயது மகள் அனு, "அப்பா, மை ஸ்வெட்டர் ஸ்மெல்ஸ் லைக் மெடிசின்!" என்று அழுதாள். கல்லில் பிடித்த மஞ்சள் இன்றைக்கும் போகவில்லை. சுமங்கலி அடுப்பு என்கிறார் சுவாமிநாதன்.

பதினோராம் நாள் விசாலாக்ஷி தீர்ப்புச் சொன்னாள். புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். செருப்புப் போட வசதியாகக் கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்து அவளே பின்னிய காலுறை. பதினான்கு வருஷக் குளிரில் ஒரு நாளைக்கூட அவள் மன்னித்ததில்லை. அவளுடைய அண்ணா ஸ்ரீநிவாசன் கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிறார்; ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, அரைக்கைச் சட்டையோடு நிற்பதாகச் சொல்வார்.

"இந்த வின்ட்டர் முழுக்க உங்க கல்லே ஆத்தைப் பாத்துக்கட்டும். தெர்மாஸ்டாட்டை அறுபத்திரண்டுல வெச்சுடுவோம். அதுக்குக் கீழே போனா ஃபர்னஸ் தானா வந்துடும். ஒரே ஒரு தடவை கீழேருந்து டும்முனு சத்தம் கேட்டாலும் நான் அண்ணாவுக்கு போன் பண்ணிடுவேன். நீங்க பிளசன்டன்ல வேலைக்கு அப்ளை பண்ணணும். சரியா?"

"என் கேபிள்?"

"அது மண்ணுக்குள்ளதானே இருக்கு. யாராவது தோண்டிப்பா."

பிச்சுமணி தன் ஆராய்ச்சி நோட்டுப் புத்தகத்தில் நிபந்தனையை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அனு சாட்சி. ஒன்று எழுதிவிட்டால் எழுதியதுதான் அவருக்கு.

அன்று முதல் அந்த 'டும்'முக்குக் காதைத் தீட்டிக்கொண்டுதான் வாழ்கிறார். கொல்லையில் வெட்டி அடுக்கிய பச்சை விறகு அடுத்த குளிர்காலத்துக்குத்தான் காயும். அதுவரை இந்த வீட்டில் இருப்போமா என்பது தெரியாது. இருந்தாலும் வெட்டுவதை நிறுத்தவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, விசாலாக்ஷி இட்லி மாவுப் பாத்திரத்தை வைக்க இடம் இல்லாமல் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். நியூ ஜெர்ஸிக் குளிரில் மாவு பொங்குவது என்பது லாட்டரி விழுகிற மாதிரி. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்பார்கள், கம்பளியைச் சுற்றுவார்கள். மாவு அப்படியே ஈரச் சிமென்ட்டாகக் கிடக்கும். மறுநாள் காலை அது மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. செய்தி போனில் பரவியது. சுவாமிநாதனின் மனைவி காமாக்ஷி ஒரு தூக்கோடு வந்தாள். "அக்கா, உங்கட அடுப்புக்குப் பக்கத்தில இதையும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோ" என்று யாழ்ப்பாணத்து டாக்டர் ராஜராணி தோசை மாவோடு வந்தாள். டிசம்பருக்குள் கிழமை பாராமல் அடுப்பைச் சுற்றி ஐந்தாறு பாத்திரங்கள், பெயர்ச் சீட்டு ஒட்டி, துண்டு போர்த்தி. விறகு போட வரும் பிச்சுமணி அவற்றுக்கு நடுவில் நொண்டியாடிக்கொண்டு போவார். "மெதுவா! ராஜராணி மாவு!" என்று பின்னாலிருந்து குரல் வரும். மாவு வைக்க வருகிறவர்கள் காபி சாப்பிடாமல் போவதில்லை; காபி சாப்பிட்டவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்ததில்லை. விசாலாக்ஷி அடுப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடு பேசுவது மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். அன்று பார்த்துப் பிச்சுமணிக்கு ஜுரம். தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்து, "நூத்திரண்டு" என்றார் சிறிது பெருமையோடு.

"மேலே போய்ப் படுங்கோ."

"விறகை யார் பாக்கறது?"

"எரியற வரைக்கும் எரியட்டும். கல்லு தாங்கும்னு நீங்கதானே சொன்னேள்?"

மாத்திரை அவரை அமுக்கிவிட்டது. மதியம் மூன்று மணிக்குக் கண் விழித்தார். நிலவறையிலிருந்து 'டும்' என்றது. கட்டில் லேசாக அதிர்ந்தது. சற்றுப் பொறுத்து, மாதக்கணக்கில் குழாய்க்குள் கிடந்த தூசி கருகும் வாசனை அறைக்குள் வந்தது. புல்வெளிக்கு அடியில் கிடக்கும் பன்னிரண்டு துண்டுகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ரஜாயைப் போர்த்திக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றி இறங்கினார்.

ஹாலில் விசாலாக்ஷி அடுப்புக்கு முன் முழங்காலிட்டிருந்தாள். கையில் அவருடைய தோல் கையுறை. நெற்றியில் குங்குமத்துக்குப் பக்கத்தில் கரி. அடுப்புக்குள் ஒரு கட்டை உஸ்ஸென்று சீறிப் புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் நான்கு மாவுப் பாத்திரங்கள்.

"விசாலம், வந்துடுத்து" என்றார்.

"எது?"

"ஃபர்னஸ்."

"அப்படியா? எனக்குக் கேக்கலையே."

"டும்முனுது. கட்டில் ஆடித்து."

"உங்களுக்கு ஜுரம். நூத்திரண்டுல எல்லாந்தான் ஆடும்."

சோபாவிலிருந்து அனு எழுந்தாள். "அம்மா! இட் டோட்டலி கேம் ஆன்! ஐ ஹேர்ட் இட்!"

"தெருவுல ஸ்னோ தள்ற வண்டி போச்சுடி. நீ ஹோம்வொர்க் பண்ணு."

"தேர் இஸ் நோ ஸ்கூல்!"

"அதனாலதான் நிறைய டைம் இருக்கு."

ஃபர்னஸ் காற்று வருவதற்காகத் தரையில் பதித்த இரும்புச் சல்லடை அவள் காலடியில்தான் இருந்தது. அதிலிருந்து சூடான காற்று வீசி, ராஜராணியின் பாத்திரத்து மேல் துண்டு கொடி மாதிரி ஆடியது. விசாலாக்ஷியின் புடவைத் தலைப்பு உப்பிக்கொண்டு எழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலுறைக்குள் தனி அறையிலிருந்த கட்டைவிரல் மெல்ல நீண்டு, சல்லடையின் ஓரத்திலிருந்த விசையைத் தள்ளி மூடியது. துண்டு படிந்தது.

"வேணும்னா தொட்டுப் பாருங்கோ" என்றாள். "கல்லு சூடாத்தானே இருக்கு?"

பிச்சுமணி மஞ்சள் படிந்த கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். மறந்துபோய் மேஜையில் விட்ட காபி அளவுக்கு இருந்தது. எத்தனை டிகிரி என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

"சூடாத்தான் இருக்கு" என்றார். நோட்டுப் புத்தகம் கக்கத்திலேயே இருந்தது.

விசாலாக்ஷி கூடையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்தாள். இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். 'தொப்' என்றது. இன்னொரு கட்டையை எடுத்து மாற்றித் தட்டினாள். 'டங்' என்றது. காய்ந்த இரண்டையும் அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஈரக்கட்டையை மடியில் வைத்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீ அடுத்த வருஷம் வா" என்று சொல்லிக் கொல்லைக் கதவோரம் சாத்தி வைத்தாள்.