ஹெட்செட்டுக்குக் கேட்காத பேரிங்

அந்த ஹெட்செட்டை இன்று எங்காவது பார்த்தாலும் காலில் போட்டு நசுக்கத்தான் தோன்றும். நசுக்கி என்ன? அன்று அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கை என்னுடையது.

இரண்டாயிரங்களின் பின்பாதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த பாவத்துக்காகப் பாதி எலக்ட்ரீஷியன், பாதி குமாஸ்தா. எங்கள் ஃபிட்டர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற கியர்பாக்ஸ் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். ஆலையே அலறும். அவர் மட்டும் ஏதோ ஒரு மெல்லிய இழையைப் பிடித்துக்கொண்டு இரும்புக்குள் இறங்கிப் போவார்.

ஒரு நாள் காலை அப்படி இறங்கிப் போனவர், கண்ணைத் திறந்ததும் நேராக நடந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். லைன் நின்றது.

"இன்னாண்ணா?" என்றேன்.

"உள்ள பேரிங்கு போச்சுபா. சன்னமா விசில் அடிக்குது. இப்ப கழட்டுனா பேரிங்கோட போவும். உட்டா பாக்ஸையே தின்னுடும்."

மாடியில் கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினே?" ஃபிட்டர் காதைத் தொட்டுக் காட்டினார். அது போதவில்லை. கியர்பாக்ஸ் செய்தவர்களின் பொறியாளர் வடக்கே எங்கோ இருந்தார். அவரை லாப்டாப்பில் அழைத்துச் சத்தத்தைக் கேட்கவைப்போம் என்றார் மேலாளர். ஒயர் இல்லாத ஹெட்செட் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். சாப்பாட்டு வேளையில் பாட்டு கேட்பார். "எவ்ளோ கிளியர் பாரு" என்று எங்கள் எல்லோர் காதிலும் ஒருமுறை மாட்டிப் பெருமைப்பட்டவர்.

"இது இன்னா, காது குடையற சாமானாட்டம் கீது?" என்றார் ஃபிட்டர்.

லாப்டாப்பைக் கருவி மேசையில் வைத்தோம். லைனை ஓட்டினார்கள். நான் ஹெட்செட்டின் மைக்கை கியர்பாக்ஸ் அருகே நீட்டிப் பிடித்தேன், ஏதோ ஆரத்தித் தட்டு மாதிரி. அந்தப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வித்தியாசமாக ஒன்றும் இல்லை, தாராளமாக ஓட்டலாம் என்றார்.

"எனக்குக் கேக்குதே சார்."

"உனக்குப் பேய் பேசறதுகூடக் கேக்கும்பா" என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

சாயங்காலமே ஃபிட்டருக்கு மெமோ வந்துவிட்டது: காரணமின்றி உற்பத்தியை நிறுத்திய தவறு. இருபது வருஷத்து வேலையில் அவர் பெயருக்கு எதிரே விழுந்த முதல் கறுப்பு வரி.

மூன்றாம் நாள் கியர்பாக்ஸ் இறுகி நின்றது. திறந்தால், பேரிங்குக்குள் கோலிக்குண்டாக இருக்க வேண்டியவை நொய்யரிசியாகக் கொட்டின. மெமோ கிழியும் என்று காத்திருந்தேன். "அன்னிக்கு எக்ஸ்பர்ட் ஓகே சொன்னாரு. அது ரெக்கார்டு" என்றார் மேலாளர்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாங்கள் கேட்ட பாட்டு அவ்வளவு தெளிவாக இருந்ததே! மறுநாள் மேலாளர் அறைக்குப் போய், ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லி அவருடைய பாட்டையே போட்டேன். தலையை ஆட்டினார். அப்படியே ரெக்கார்டிங்கை அமுக்கி மைக்கைத் திறந்தேன். பாட்டு செத்தது. தகர டப்பாவுக்குள் தலையைவிட்டு யாரோ முனகுவது போல ஆயிற்று. அடுத்து மைக்கின் முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். பதிவைப் போட்டுக் காட்டினேன். கலகலப்பு எங்கே? ஈரத்துணிக்குள் ஏதோ நெளிந்தது, அவ்வளவுதான்.

ஒயர் இல்லாமல் சத்தம் போய்வரும் அந்தக் காற்றுவழி, கேட்க மட்டும் என்றால் தாராளம். பேசவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடம் போதாமல் குறுகிவிடும். சன்னமான சத்தமெல்லாம் வெளியே நின்றுவிடும். போதாததற்கு, பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திர இரைச்சலைக் குப்பை என்று துடைத்துப் போடுவதற்கே செய்த சாமான் அது. அதனிடம் போய் இயந்திரத்தைக் கேள் என்று நீட்டியிருக்கிறோம்! இதையெல்லாம் அவரிடமே சொன்னேன்.

மேலாளர் சிரித்தார். "அட, டெக்னிக்கல் ப்ராப்ளம்!" சாமான் செய்தால் ப்ராப்ளம். மனுஷன் செய்தால் தவறு. செய்யாவிட்டாலும் தவறு.

அடுத்த வாரம் ஒரு கடிதம் தட்டச்சாகி வந்தது. ஃபிட்டரிடம் கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். மெமோ கிழிந்தது என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் என்னைப் படிக்கச் சொன்னார். 'மேற்படி தவறு மன்னிக்கப்படுகிறது.' இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"தப்பு பண்ணவனத்தான மன்னிப்பாங்க? நான் இன்னா பண்ணேன்?"

"போட்டுடுண்ணா. மேட்டர் முடிஞ்சிடும்."

"உனக்கு முடிஞ்சிடும் நைனா."

கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்து, காகிதத்தில் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு புது கியர்பாக்ஸ் பக்கம் போய் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடி ஏறினேன். மேசையில் ஹெட்செட் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து எங்கே?"

"தவறுங்கற வார்த்தைய எடுங்க சார். அப்பப் போடுவாரு."

"உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"அன்னிக்கு மைக்கைப் பிடிச்சது நான்தான் சார்."

அந்த வார்த்தையை அவர்கள் எடுக்கவில்லை. நான் வேலையை விட்ட நாள்வரை அந்தக் கடிதம் கையெழுத்து இல்லாமலேயே ஃபிட்டரின் கோப்பில் கிடந்தது.