குளிரைக் குறைக்கும் பட்டன்

எனக்குப் பக்கவாதம் வந்தபின், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு பிசியோதெரபிக்குப் போக ஊர் டிரைவர் ஒருவருடைய பழைய டாக்சிதான். அவருக்கு நரைத்த மீசை. முன்கண்ணாடியைத் தோள்துண்டால் துடைக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். முன்சீட்டில் இருக்கும் எனக்கு ஏசி லிவரை நகர்த்த வலதுகையில் வலுவில்லை. குறைக்கச் சொல்லிச் சொல்லிக் கூச்சமாகி, நடுங்கிக்கொண்டே போன நாட்களும் உண்டு.

ஒருநாள் லிவர் இருந்த இடத்தில் பட்டன்கள் இருந்தன.

"லிவர் கெட்டுப்போச்சா?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல டீச்சரே. இது அமுக்கினா போதுமாக்கும். இனி எங்கிட்ட கேக்காண்டாம்லா."

மடங்கிய விரலின் முட்டியால் அழுத்தினேன். குளிர் குறைந்தது. ஆசை தீராமல் மறுபடியும் அழுத்தினேன். வண்டிக்குள் வெக்கை ஏறியது. அவர் அதே துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குளிரைக் கூட்டச் சொல்லவே இல்லை.