ஆறு வீட்டு வாசலும் அரிசி லோரியும்

மாரியாயி வாசல் பாதையில் குதிகாலை ஓங்கி ஊன்றிவிட்டுக் காது கொடுத்தாள். ஓரடி தள்ளி மறுபடியும் ஊன்றினாள். "இங்கன உள்ளுக்குள்ள வெத்தாக் கெடக்கு" என்று முனகியபடி, அந்த இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டாள். பிரிக்பீல்ட்ஸின் ஆறு வீட்டு லயத்தில் விடிந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, அவள் செய்யும் வேலை அது. "சாமி கும்பிடுற நேரத்துல தரைய மிதிச்சுக்கிட்டு நிக்கிறியே அக்கா" என்பாள் பக்கத்து வீட்டு இராஜம்மா.

"சாமி விழாது. தரை விழும்."

வெள்ளைக்காரன் காலத்தில் இருபது ஆண்டு சாலை போடும் கும்பலில் கல் உடைத்தவள் மாரியாயி. ஜப்பான்காரன் வந்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு கணவனும் போனான். மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் பக்கிரிசாமியைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிப் போனார்கள். எட்டு மாதமாகிவிட்டது, ஒரு வரிக் கடிதம் இல்லை. அவனுடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் அவள் எங்கும் போவாள். வெற்றிலை போடுவாள், பாதையில் துப்பமாட்டாள். துப்புகிறவர்களை, "ஒன் சோத்துத் தட்டுல போய்த் துப்பு" என்று விரட்டுவாள்.

அந்தப் பாதை அவள் போட்டது. பழைய சூளைகளின் உடைந்த செங்கல் அடியில், ரயில் கொட்டகையின் கரிக்கட்டி மேலே. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் இடித்து இறுக்கினாள். தெருவுக்கும் லயத்துக்கும் நடுவே ஓடும் கால்வாயின் மேல் ஒரு கற்பலகை. மனிதர் நடக்க, சைக்கிள் உருள, எப்போதாவது ஒரு மாட்டுவண்டி விறகோடு வர அது போதும்.

லயத்துக்குப் பின்னால் கிடங்கு வைத்தார் தம்புசாமி. ஜப்பான் ராணுவத்துக்கு அரிசி கொடுக்கும் கொந்தராத்துக்காரர். அவருடைய லோரி பெரிய சாலையைச் சுற்றி வந்தால் கால் மைல் கூடுதல். ஏழைகளின் வாசல் இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும்? பெட்ரோல் கிடைக்காத காலம். கரிப்புகையில் வண்டி ஓட, லோரியின் பின்புறம் கரியடுப்பு பொருத்தியிருந்தது. அந்த இரும்பின் கனம் ஒரு பக்கம், மேலே அடுக்கிய மூட்டைகளின் கனம் ஒரு பக்கம். இரண்டு மாதத்தில் ஆறு வாசலும் நான்கு விரல் இறங்கின. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அந்த மூட்டைகளிலிருந்து ஒரு பிடி அரிசிகூட லயத்து அடுப்பில் வேகவில்லை. அங்கே மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு.

லயத்துக்காரர்கள் முறையிடப் போனார்கள். தம்புசாமியிடம் கணக்கெழுதும் கிராணி அய்யாவு படித்தவர். "கனம் ஏறுனா பாதை இறுகும், ஒடையாது. ரோட்ட உருளை வச்சுத்தானே இறுக்குறான்? ஒங்க பாதையக் கெடுக்கிறது மழையும் எலியும்" என்றார்.

"உருளை போறது கருங்கல்லு அடுக்குன எடத்துல, கிராணியாரே. இது செங்கல்லு" என்றாள் மாரியாயி.

அய்யாவு கணக்கேட்டைப் புரட்டினார். லயத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை: முனியாண்டிக்குக் கோபம் என்று யாரோ சொல்ல, இராஜம்மா வளர்த்த ஒரே சேவலைக் காவு கொடுத்தார்கள். மறுநாள் லோரி வழக்கம்போல் வந்தது. "சேவல் செத்தும் லோரி எளைக்கலையே" என்றாள் மாரியாயி. சுமை ஏற்றுகிறவனைக் கேள்வி கேட்கப் பயந்து, சும்மா நிற்கிற சாமியின் மேல் பழி போட்ட கூட்டம் அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் இரண்டு குழி தோண்டினாள், முழத்துக்கு முழம். ஒன்று லோரிச் சக்கரம் ஏறும் தடத்தில், மற்றொன்று சுவரோரம். இரண்டிலும் அதே செங்கல், அதே கரிக்கட்டி, அதே இடி. பன்னிரண்டாம் நாள் அய்யாவைக் கூட்டிவந்து காட்டினாள். தடத்தில் இருந்தது தூளாகக் கிடந்தது. சுவரோரம் இருந்தது போட்டபடி இருந்தது. "மழை ரெண்டுலயும் பேஞ்சுது. எலி ரெண்டு பக்கமும் ஓடுது. லோரி ஒண்ணுலதான் ஏறுச்சு. சொல்லுங்க."

"எனக்கு வேல கெடக்கு" என்று போய்விட்டார் படித்தவர்.

அந்த வாரமே கற்பலகை இரண்டாகப் பிளந்தது. லோரி சாய்ந்து, ராணுவ அரிசி பதினோரு மூட்டை கால்வாய்க்குள் விழுந்தது. தம்புசாமி இரண்டு ரயில்கட்டைகளைக் குறுக்கே போட்டு அன்றே லோரியை ஓட்டினார். மறுநாள் காலை அய்யாவு ஒரு தாளும் மைப்பெட்டியுமாக வந்தார். மேலே ஜப்பான்காரன் கணக்கில் ஆண்டு 2603 என்று போட்டிருந்தது.

"பாதை சரியாப் போடல, மன்னிச்சுக்குங்கன்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான். ஆறு வீட்டுக் கைநாட்டும் இருந்தாத்தான் ஜப்பான் தொரை வாங்குவாரு" என்று சொல்லி, வாசித்தும் காட்டினார். ஐந்து வீட்டார் கட்டைவிரலை வைத்தார்கள். மாரியாயி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாசிச்சது மூணு வரி. தாள்ல அஞ்சு வரி இருக்கு."

"ஒனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

"கல்லு வரிசை எண்ணித்தான் இருபது வருசம் சாப்பிட்டேன். மிச்ச ரெண்டையும் வாசிங்க. சத்தமா."

அய்யாவு தாளை மடிக்கப் பார்த்தார். ஐந்து வீட்டாரும் நெருங்கி நின்றார்கள். அவர் வாசித்த கடைசி இரண்டு வரி இது: எங்கள் குற்றத்தால் அரிசி பாழானபடியால், வீட்டுக்கு ஓர் ஆளைச் சயாம் வேலைக்கு அனுப்பச் சம்மதிக்கிறோம்.

இராஜம்மாவின் புருஷன் மைபட்ட விரலை வேட்டியில் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"வைக்கலேன்னா மொத ஆளா நீதான் வண்டியேறுவ" என்றார் அய்யாவு.

"ஏத்துங்க. அதுவரைக்கும் அஞ்சுதான் இருக்கும் ஒங்க தாள்ல." அவள் உள்ளே போனாள். வீட்டிலிருந்த ஒரே பெஞ்சை இழுத்துவந்து, ரயில்கட்டைகளைத் தாண்டியதும் பாதையின் குறுக்கே போட்டாள். முறத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தோல் உரிக்கத் தொடங்கினாள்.

லோரி வந்து, அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. லோரி ஓட்டுகிறவன் தலையை நீட்டினான். "நவுருலா அக்கா. லேட்டாப் போனா ஜப்பான்காரங்கிட்ட எனக்கு அறை விழும்."

"சுத்திப் போப்பா. பெரிய ரோட்டையும் நாந்தான் போட்டேன். அது தாங்கும்."

அவன் ஊதுகுழலை அமுக்கினான். விடாமல் அமுக்கினான். இராஜம்மா தன் வீட்டுக் கிழங்கு சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் இறங்கி நின்றாள். மேலே ஓரடி வைக்கத் தயங்கினாள்.

மாரியாயி லோரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த முறத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தி உட்கார இடம் விட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.