தோல்கூட மிஞ்சாத சரக்கு

நான் நாலாவதோடு நின்றவன். திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, இன்றைக்கு இரண்டு குடோனுக்குச் சொந்தக்காரன். ஒரு பிடி மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உடைத்துப் பார்த்தே மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறும் என்று சொல்வேன். தராசு எனக்குப் பின்னால் வந்து ஒத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவன் சரக்கைத் தப்பாக எடைபோட்டது ஒரு மத்தியானம்தான்.

ஷேர் மார்க்கெட் ஆப்ஷனை போனில் பார்த்தே கற்றுக்கொண்டேன். நிலத்தில் நிற்கிற மல்லாட்டைக்கு முன்பணம் கொடுத்து விலை பேசுவது போலத்தான். கெடுவுக்குள் மார்க்கெட் நாம் நினைத்த அளவைத் தாண்டினால் லாபம். தாண்டாவிட்டால் கொடுத்தது போச்சு. விழுப்புரத்தில் படித்த ஆபீசர்களே தடுமாறுகிற இடத்தில் மூன்று மாதம் ஜெயித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கெடு நாள், மத்தியானம் மூன்றரையோடு முடியும். காலையில் எண்பது ரூபாய்க்கு வாங்கியது பதினோரு மணிக்கு நாற்பது. மல்லாட்டை விலை இறங்கினால் இன்னும் வாங்கி அடுக்குவேன். நாலு மாதத்தில் ஏறும். அப்படித்தான் வளர்ந்தேன். அதே நினைப்பில் இன்னும் இரண்டு மடங்கு வாங்கினேன். ஒரு மணிக்குப் பன்னிரண்டு ரூபாய். ஷேர் கணக்கில் காசு தீர்ந்தது. பேங்கில் இருந்தது, மறுநாள் ஒலக்கூர் விவசாயிகளுக்கு ரொக்கமாகத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பணம். அதைப் போனிலேயே ஷேர் கணக்குக்கு மாற்றப் போனேன்.

குடோனில் சாக்கு தைத்துக்கினு இருந்த என் சம்சாரம் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"மூணரைக்குள்ள ஏறலன்னா அது இன்னா ஆவுங்க?"

"செல்லாம பூடும்."

"தோலு கூட மிஞ்சாதா?"

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். என் விரல் நின்றுவிட்டது. பூசணம் பிடித்த மல்லாட்டையைக்கூட யாராவது ஒரு விலைக்கு எடுப்பான். தோல் செங்கல் சூளைக்கு எரிக்கப் போகும்.

பணத்தை மாற்றாமல் போனையே பார்த்தேன். ஏழு, மூன்று, ஒன்று. மூன்றரைக்கு ஐந்து பைசா. அழுகை வரவில்லை, சாமி புறப்பாட்டைப் பார்ப்பது போல மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு சரக்கு, ஒரு லாரி நகராமல், தூசி கிளம்பாமல், இல்லாமல் போயிற்று.

மறுநாள் ஒலக்கூர் களத்தில் மல்லாட்டைக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அப்படியே வைத்திருந்தேன். ஈரம் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். சொன்ன பணத்தைச் சொன்னபடி கொடுத்தேன்.

இப்போதும் ஆடுகிறேன். ஒரு கெடுவுக்கு ஒரு மூட்டை விலைதான், பாதியானால் விற்றுவிடுவேன். கொள்முதல் பணத்தைத் தொடுவதில்லை. இப்படிக் கட்டுப்பாட்டோடு ஆடுகிறவன் இந்தத் தாலுக்காவில் என்னை விட்டால் யார்? ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும், போனைத் திறந்து, யாரோ வாங்கியது அந்த ஐந்து பைசாவில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.