அஞ்சு எங்கே போனது

எனக்கு இரண்டு தம்பிகள்; இருவருக்கும் ஒரே பெயர். மூத்தவன் ஒன்பது மாதம் இருந்து காய்ச்சலில் போனான். எங்கள் குடும்பத்தில் தலைச்சன் ஆண் பிள்ளைக்குக் குலசாமி பெயர். அவன் போய்விட்டதால் அடுத்தவனுக்கு அதையே வைக்க அப்பா முடிவு செய்தார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பெயர் வைப்பதற்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் வகுப்பில் மிஸ் வேரியபிள் நடத்தினார். போர்டில் டப்பா வரைந்து, மேலே ஒட்டிய பெயர் மாறாது, உள்ளே இருப்பது மாறும் என்றார். நான் எக்ஸ் என்ற டப்பாவில் ஐந்தைப் போட்டேன். பிறகு எட்டைப் போட்டேன். திரையில் எட்டு மட்டும் வந்தது.

“அஞ்சு எங்க போச்சு மிஸ்?”

“அது அம்புட்டுத்தேன், அழிஞ்சிருச்சு. வேணும்னா முன்னாடியே வேற பேர்ல ஒரு டப்பா வச்சு, அதுல எடுத்து வச்சிருக்கணும்.”

“அஞ்சுக்குக் கருமாதி என்னைக்குடீ?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்க, பெஞ்சே சிரித்தது. நான் திரையில் இருந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் ஆனையூர் வீட்டில், பிள்ளையின் காதில் பெயர் சொல்ல அத்தை குனிந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தப் பேரு வேணாம்மா. பழைய தம்பி அழிஞ்சிருவான்.”

“கிறுக்குச் சிறுக்கி, நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சாடி இது?” அத்தை என் தலையில் குட்டிவிட்டு, மூன்று முறை பெயரைச் சொன்னார்.

அதன்பின் அம்மா அவனைப் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை. “சின்னவனே” என்பாள். வீட்டில் பெரியவன் என்று யாரும் இல்லை. எனக்கோ பெருமை. நான் சொன்னது புரிந்து அம்மா வேறு டப்பா வைத்துவிட்டாள், பழையவன் பத்திரம்.

இன்று நானும் ஒரு பிள்ளைக்குத் தாய். அம்மா அப்படி ஆனது என் வார்த்தையாலா, ஏற்கெனவே அவள் நெஞ்சில் இருந்ததாலா என்று யோசித்து யோசித்துத் தோற்கிறேன். கேட்கவும் பயம். காரணமே இல்லாமல் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்று சின்னவனுக்கு நாலு வயதிருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, தன்னை மறந்து அந்தப் பெயரைச் சொன்னாள். வாசலில் விளையாடியவன் போட்டது போட்டபடி ஓடி வந்தான்.

“என்னம்மா?”

“ஒன்னைய இல்லடா. போயி வெளையாடு.”

அவன் போகவில்லை. என்னைப் பார்த்தான். அவனை உட்காரவைத்து, சிலேட்டில் டப்பா வரைந்து, பழைய தம்பி கதையிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன்.

“அப்ப நான் எந்த டப்பாக்கா?”

சின்னப் பிள்ளைதானே, புரியவில்லை போலிருக்கிறது என்று, சிலேட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.