மங்கையற்கரசிக்கு வருத்தம் இல்லை

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கிற தமிழ்ச் சனத்தில் மங்கையற்கரசியைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுச் சொந்தக்காரர்களில் அவரைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. மார்க்கம் வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்தவர். லிஃப்ற் நின்றால் மனேச்சருக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் போகும். ஒரு மார்கழியில் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று, தன் மாடியில் இருந்த சனம் முழுவதையும் போர்வையோடு கூட்டிக்கொண்டுபோய் மனேச்சரின் கந்தோருக்குள் இருத்திவிட்டார். பின்னேரத்துக்குள் சூடு வந்துவிட்டது. அந்த மனேச்சர் இப்போதும் அவரைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நடப்பாராம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நடப்பார்கள்.

கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் வேலை. மகள் அட்சயா படித்து முடித்து உழைக்கத் தொடங்கியதும் மூவருமாக அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இனியாவது மனுசி அடங்கும் என்று தெரிந்தவர்கள் நினைத்தார்கள். எங்கே அடங்கினார். மொழிபெயர்ப்பாளர் வேலை என்று சொல்லிக்கொண்டு கிழமைக்கு நாலு நாள் ஸ்காபரோவுக்கு ஓடி வந்தார். வாடகைத் தகராறுகளை விசாரிக்கிற மாகாண சபையில், வாடகைக்காரர் சொல்வதை ஆங்கிலத்திலும் சபை சொல்வதைத் தமிழிலும் சொல்வதுதான் அவருடைய வேலை. தீர்ப்புச் சொல்ல அந்தக் கதிரைகளில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் ஒருநாளும் வாடகை வீட்டில் இருந்து பார்க்காதவர்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் கொதி. அந்தக் கொதியில்தான், சபைக்குப் பகுதிநேர உறுப்பினர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டதும் விண்ணப்பித்தார்.

நேர்முகத் தேர்வில் நன்றாகச் செய்தார். அமைச்சர் அவருடைய பெயரை முன்மொழிந்தார். வீட்டில் ஸ்ரீஸ்கந்தராசா அன்றைக்கே மனைவியை "கனம் நீதிபதி அவர்களே" என்று கூப்பிட்டுத் தேநீர் கேட்கத் தொடங்கிவிட்டார். கனம் நீதிபதி அவரையே போய்ப் போட்டுக் குடிக்கச் சொன்னார்.

ஆனால் பெயர் வந்தால் மட்டும் கதிரை வராது. மாகாணச் சட்டமன்றம் இருக்கிற குயின்ஸ் பார்க்கில் உறுப்பினர்களின் குழு ஒன்று இருக்கிறது. முன்மொழியப்பட்டவர்களில் தாங்கள் விரும்பியவரைக் கூப்பிட்டு முன்னால் இருத்திக் கேள்வி கேட்பார்கள். பிறகு கை உயர்த்தி வாக்களிப்பார்கள். வழக்கமாக அது கோவில் அருச்சனை போல மளமளவென்று முடிந்துவிடும். மங்கையற்கரசியின் விசயத்தில் அப்படி முடியாது என்று விசாரணைக்கு முந்தின கிழமை தெரியவந்தது. அமைச்சரின் அலுவலகத்தில் வேலை செய்கிற நிரூபா என்ற தமிழ்ப் பெண் போன் எடுத்து, அன்ரி, பழைய வீடியோ ஒன்று கிளம்பியிருக்கிறது என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாத வீடியோ அது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில், ரொறன்ரோத் தமிழ்ச் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்து வாகனங்களை மறித்தது. அந்தச் சனத்துக்குள் மங்கையற்கரசியும் இருந்தார். பக்கத்தில் பத்து வயது அட்சயாவும் இருந்தாள். அடுத்த நாள் காலை நகரத்து நடைபாதையில் வைத்துத் தமிழ்த் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் ஒலிவாங்கியை நீட்ட, மங்கையற்கரசி சிரிக்காமல் சொல்கிறார்: "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை." கீழே யாரோ பிற்காலத்தில் போட்ட ஆங்கில எழுத்து ஓடுகிறது. செய்ததற்காக நான் ஒரு துளியும் வருந்தவில்லை என்று அதற்கு அர்த்தம். சட்டத்தை மீறிவிட்டு வருந்தாத ஒருவர் சட்டப்படி தீர்ப்புச் சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் கேட்கப் போகிறாராம்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் அட்சயாவின் போனை நிமிர்த்தி வைத்து மூவரும் பார்த்தார்கள். இரண்டாம் தரம் ஓடும்போது ஸ்ரீஸ்கந்தராசா சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, புரையேறி, தலையில் தட்டுவித்துக்கொண்டுதான் அவரால் கதைக்க முடிந்தது.

"இஞ்சை பாரும், அந்தப் பெடியன் கேட்டது குளிருக்க இருந்தனீங்களே, சுகமோ எண்டு. நீர் தடிமன் காய்ச்சல் ஒண்டும் இல்லை எண்டெல்லோ சொன்னனீர்."

உண்மைதான். யாழ்ப்பாணத்தாருக்கு வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவோம், வருத்தம் மாறிவிட்டதா என்று விசாரிப்போம். கேட்டவனின் கேள்வியை வெட்டி எறிந்துவிட்டுப் பதிலை மட்டும் எவனோ ஒட்டியிருக்கிறான். எழுத்துப் போட்டவன் அகராதி பார்த்துப் போட்டிருப்பான்.

நிரூபாவுக்கு இதைச் சொன்னதும் அவர் போனிலேயே குதிக்காத குறை. இதைவிட நல்ல பதில் கிடையாது, குழு சிரிக்கும், கேள்வி கேட்டவர் அசடு வழிவார், எங்கள் பக்கம் முழுக்கக் கை உயரும் என்றார். அதற்குமேல் எதுவும் கதைக்க வேண்டாம், அப்படியும் குடைந்தால் அது கஷ்டமான காலம், சனத்துக்கு இடைஞ்சல் வந்ததை விளங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அதைத் தாண்டினால் தங்கள் பக்கத்து உறுப்பினர்களே பின்வாங்கிவிடுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். தேர்தல் கிட்ட வருகிற நேரத்தில் நெடுஞ்சாலை மறித்தவருக்குக் கை தூக்கியதாகப் படம் வர ஒருவரும் விரும்பமாட்டார்களாம்.

அட்சயாவும் நிரூபாவின் கட்சிதான். "அம்மா, ஜஸ்ற் சொல்லுங்கோ. இட்ஸ் லிட்டரலி உண்மை தானே," என்றாள்.

உண்மைதானே என்பதுதான் மங்கையற்கரசிக்குக் கரைச்சலாக இருந்தது. விசாரணைக்குப் போகும் ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு போனார். பொய் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். இவர்கள் சொல்லச் சொல்வது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார்கள். பொய்யை விட இது அவருக்குக் கூடுதல் வெட்கமாக இருந்தது.

விசாரணை மண்டபம் பழைய மரவேலையும் புதிய ஒலிவாங்கிகளுமாக இருந்தது. உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி இருக்க, மங்கையற்கரசியைத் தனியாக ஒரு முனையில் இருத்தினார்கள். பின்னால் பார்வையாளர் வரிசையில் அட்சயா. சுவரோரம் நிரூபா. வீடியோவைக் கிளப்பிய உறுப்பினர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த மனிதர். குரலை உயர்த்தாமல், மிக மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது மங்கையற்கரசிக்கு வேலை கற்பித்த பாடம்.

வீடியோவில் சொன்னது நீங்கள்தானா என்றார். ஆம் என்றார் இவர். அதன் பொருள் எழுத்தில் உள்ளதுதானா என்றார். இல்லை என்று மங்கையற்கரசி அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். தனக்குத் தடிமன் பிடிக்கவில்லை என்று ஒரு பெடியனுக்குச் சொன்னதைத்தான் மாகாணச் சட்டமன்றம் இன்றைக்கு விசாரிக்கிறது என்றார். மண்டபம் சிரித்தது. அரச தரப்பு உறுப்பினர் ஒருவர் மேசையில் தட்டினார். நிரூபாவின் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. அந்த இடத்தில் எழும்பி வந்திருந்தால் கதிரை அவருடையது.

கண்ணாடிக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. சரி, அந்த வீடியோவை விடுவோம், இப்போது நானே கேட்கிறேன், நெடுஞ்சாலையை மறித்ததற்காக இன்றைக்கு நீங்கள் வருந்துகிறீர்களா என்றார்.

நிரூபா தலையை மெல்ல ஆட்டினார். கஷ்டமான காலம் என்று சொல்லுங்கள் என்பதுபோல இருந்தது அந்த ஆட்டல். மங்கையற்கரசி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். ஆனால் அவருடைய ஆங்கிலத்துக்கு அடியில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழ் ஓடும். அந்தத் தமிழிலேயே இங்கே எழுதுவதுதான் நியாயம்.

"அண்டைக்கு நான் சொன்னது தடிமனைப் பற்றி. இண்டைக்குச் சொல்லுறது ரோட்டைப் பற்றி. எனக்கு அதிலயும் வருத்தம் இல்லை."

மேசையில் தட்டிய கை மேசைக்குக் கீழே போய்விட்டது.

கண்ணாடிக்காரர் அடுத்ததாகப் பிள்ளையைப் பிடித்தார். பத்து வயதுக் குழந்தையை வாகனங்கள் ஓடும் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் இருத்தலாமா, ஒரு தாய் செய்கிற வேலையா அது என்று கேட்டார். உண்மை என்னவென்றால், அன்றைக்கு அட்சயா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தன்னைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் தாயையும் போக விடமாட்டேன் என்று அழுதவள். வன்னியில் அகப்பட்டிருந்த சித்தியின் மகளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. பிள்ளைதான் அடம் பிடித்தாள் என்று மங்கையற்கரசி ஒரு வசனத்தில் தப்பியிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், அந்தப் பொறுப்பு என்னுடையது என்றார். பின்வரிசையில் அட்சயா எழும்பிவிட்டாள். காவலர் கையைக் காட்டி அவளை இருத்தினார்.

அப்படியானால் அன்றைக்கு வழியில் அகப்பட்டு நின்ற பொதுமக்களுக்கு உங்களிடம் சொல்ல எதுவுமே இல்லையா என்று கேட்டார் கண்ணாடிக்காரர். அந்தக் கேள்விக்கு மங்கையற்கரசிக்குக் கோபம் வரவில்லை. அது நியாயமான கேள்வி என்று அவருக்குப் பட்டது.

"வேலைக்கோ வீட்டுக்கோ போகேலாமல் காருக்க இருந்த ஆள் எனக்கு முன்னால வந்தா, கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேப்பன். அது வேற. ரோட்டில ஏறினதுக்கு வருத்தமோ எண்டா, இல்லை. எனக்கு வருத்தம் இறங்கினதுக்குத்தான். பெரிய ஆக்கள் சண்டையை நிப்பாட்டக் கதைப்பினம், இறங்குங்கோ எண்டு சொல்லிச்சினம், நாங்கள் இறங்கினம். என்ர தங்கச்சி தவமணி அண்டைக்கு..."

குழுத் தலைவர் குறுக்கிட்டார். இந்த உறுப்பினருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்றார். மங்கையற்கரசி ஒரு வசனம் மட்டும் இருக்கிறது என்றார். விதி விதிதான் என்றார் தலைவர், உண்மையிலேயே சங்கடப்பட்டுக்கொண்டு. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. தங்கச்சியின் பெயர் பாதி வசனத்தில் நின்றுவிட்டது.

வாக்கெடுப்பு கனநேரம் எடுக்கவில்லை. ஆதரிப்பவர்கள் என்றதும் இரண்டு கைகள் மட்டும் உயர்ந்தன. அரச தரப்பில் பலர் போனைப் பார்த்தார்கள், ஒருவர் தண்ணீர் குடித்தார். பெயர் தோற்றுவிட்டது. மங்கையற்கரசி தலைவருக்கு நன்றி சொல்லி, கைப்பையை எடுத்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஏமாற்றத்தை மறைக்க அவர் முயலவில்லை. அந்தக் கதிரைக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது வீட்டாருக்குத் தெரியும். சாக்குப்போக்குச் சொல்லி ஆசை இல்லாதவர்போல நடிக்க அவருக்கு வராது.

நடைக்கூடத்தில் நிரூபா பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா கவலையிலா என்று சொல்ல முடியாது.

"சிரிப்போட முடிஞ்சிருக்கும் அன்ரி. சும்மா ஒரு சமாளிப்புச் சொல்லியிருக்கலாம்தானே."

"நான் அந்தக் கதிரையில இருந்து என்ன செய்யப் போனனான் பிள்ளை? வாற சனத்திட்ட உண்மை சொல்லுவன் எண்டு சத்தியம் வாங்கத்தானே. சமாளிச்சுப்போட்டு ஏறின நான் என்ன மூஞ்சியோட அதை வாங்கிறது?"

அதற்குள் அட்சயா பாய்ந்துவிட்டாள். நான்தான் அடம்பிடித்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்று தாயோடு சண்டை பிடித்தாள், ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி, அழுகை மிச்சம். மங்கையற்கரசி அவளுக்கும் சமாதானம் சொல்லவில்லை. பசிக்கிறது, சாப்பிடப் போவோம் என்றார். சாப்பாட்டுக் கடையில் ஒரு கொத்துரொட்டியை மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டு முடித்தார்கள். நிரூபாவும் கூடப் போயிருந்தார், ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது.

அந்த இடம் மாரி முழுக்க வெறுமையாகவே கிடந்தது. அமைச்சர் இன்னொரு பெயரைச் சொல்ல, அந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பங்குனியில் விளம்பரம் திரும்பவும் வந்தது. வந்த அன்றைக்கே மங்கையற்கரசி திரும்பவும் விண்ணப்பித்தார். ஸ்ரீஸ்கந்தராசா இந்த முறை பகிடி விடவில்லை, தேநீரைத் தானே போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

செய்தி அறிந்து நிரூபா போன் எடுத்தார். அமைச்சர் இனிமேல் பெயர் சொல்வார் என்று உத்தரவாதம் இல்லை என்றார். சொன்னாலும் அந்தக் குழு அப்படியே இருக்கிறது, கண்ணாடிக்காரர் அங்கேயே இருக்கிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதே கேள்வியைத்தான் கேப்பினம் அன்ரி," என்றார்.

"கேக்கட்டும் பிள்ளை," என்றார் மங்கையற்கரசி. "தவமணியைப் பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."