கயிற்றைத் தளர்த்திய நாள்

எங்களை மலைக்குக் கூட்டிப் போவதற்கு என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அடுத்த நாளே நாங்கள் கண்ணமங்கலம் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் பேச்சில்லை. நானும் சரி என்றேன். ஒன்று ஆகிவிட்டதா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது என்று அப்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவருக்கு சர்வே இலாகாவில் வேலை. ஜவ்வாது மலையில் காட்டு எல்லையை அளந்து கல் நட வேண்டும். மற்ற வருஷங்களில் காற்று மாதம் தொடங்குவதற்கு முன்பே கேம்ப் கலைந்து வீடு வந்துவிடுவார். அது யுத்த காலம். மரம் வெட்டப் போகும் காடுகளின் எல்லையைச் சீக்கிரம் முடிக்கும்படி மேலிடத்தில் நெருக்கினார்கள். ஈஸ்டருக்கு வந்தவர் இரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தார். அந்த இரண்டு நாளும் நான்கு வயது மகள் என் புடவைக்குப் பின்னாலேயே நின்றாள். சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவர் காதில் விழுந்தது. சிரித்தார். பிறகு பாதிச் சோற்றில் கை கழுவினார்.

அவரால் வீட்டுக்கு வர முடியாதென்றால் நாங்கள் அவர் தங்கும் டேராக் கூடாரத்துக்குப் போவது என்று அன்றே முடிவு செய்தேன். அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கத்தான் இரண்டு மாதக் கடிதப் போக்குவரத்து ஆயிற்று.

கிளம்பும் அன்று என் நாத்தனார் கோயில் வாசலில் நாலு பேர் கேட்கும்படி சொன்னார்: "கைக்கொழந்தைய தூக்கிக்கினு காட்டுக்குப் போறாளாம். படிச்ச பொண்ணுன்னு கட்டி வச்சோம். படிப்பு இன்னா வேலை செய்யுது பாரு."

"போய்ட்டு வர்றேங்க அண்ணி," என்றேன்.

"ஒரு வாரம் தாங்குவியா?"

"தாங்கலன்னா வந்துர்றேங்க. எனக்கு ஒரு பாய் மட்டும் போட்டு வைங்க."

மரியாதை குறைவாகப் பேசிவிட்டேனோ என்று மாட்டு வண்டி படவேடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். அங்கே என் கணவரும் கலாசியும் காத்திருந்தார்கள். சாமான்கள் பொதிமாட்டின் மேல் ஏறின. குழந்தையை நான் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தேன். மகளைக் கலாசி தோளில் தூக்கிக்கொண்டார். டேரா அடிப்பதும் பிரிப்பதும் காவல் காப்பதும் அவர் வேலை. தகப்பனார் தூக்க வந்தபோது அவள் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டேரா ஒரு மொட்டை மேட்டின்மேல் இருந்தது. கீழே ஓடைக்கு அப்பால் மலைக்காரர்களின் ஊர். சாமை விதைத்த கொல்லைகளும் புளியமரங்களுமாக, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டதுபோல் தாழ்ந்த கூரை வீடுகள். நாங்கள் மட்டும் மேட்டின்மேல் ஏறி நின்றோம். ஏன் இந்த இடம் என்று கேட்டேன். அடுத்த குன்றில் நட்ட அளவுக் கொடி இங்கிருந்துதான் தெரியும் என்றார். அளக்கிறவர்களுக்குக் கொடி தெரிந்தால் போதும். கஞ்சியில் மண் விழுவது அவர்கள் கணக்கில் வராது.

ஆனி மாதக் காற்று விடிந்ததும் எழுந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கொஞ்சம் உட்காரும். அடுப்பைக் குழி தோண்டி உள்ளே இறக்கினேன். மூன்று பக்கமும் கல் அடுக்கினேன். சோற்றுப் பானையை மூடி மூடியின் மேலும் ஒரு கல் வைத்தேன். அப்படியும் பல்லில் மண் கடித்தது. குழந்தையின் துணிகளைக் கொடியில் போட்டால் நிற்காது. ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட்டுக் கட்டுவேன். ஒன்று அவிழ்ந்து பறந்து ஓடையோரப் புளியமரத்தின் உச்சிக் கிளையில் மாட்டிக்கொண்டது. "தம்பி துணிய குடுத்துடு, இல்லன்னா அடிப்பேன்," என்று மகள் காற்றைப் பார்த்துக் கையை ஓங்கினாள். காதில் காற்றுப் போகாமல் குழந்தைக்குக் குல்லாய் கட்டினேன். கட்டினால் வியர்க்குமோ என்று அவிழ்த்தேன். அவிழ்த்தால் சளி பிடிக்குமோ என்று மறுபடி கட்டினேன். பகல் பொழுது எனக்கு இப்படித்தான் போயிற்று.

ஊரிலிருந்து ஒரு பெண் சாமை அரிசி கொண்டுவருவாள். என் வயதுதான் இருக்கும். டேராவைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா இது, துணியில வூடு கட்டிக்கினு காத்தோட மல்லுக்கு நிக்கிறீங்க," என்றாள்.

"சர்க்கார் வூடு. விழாது," என்றேன்.

"காத்துக்கு சர்க்கார் தெரியுமா? பெரிசா அடிச்சா கொழந்தைங்கள தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்துடு. மாட்டுக் கொட்டாயில எடம் இருக்குது."

நல்ல மனசோடு சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. கொட்டகைக்குப் போனால் ஒன்று ஆகிவிட்டதாக அவர் கணக்கு வைப்பார், மறுநாள் கண்ணமங்கலத்துக்கே போக வேண்டியதுதான்.

அந்த நாள் வந்தது. கலாசி அரிசி வாங்க ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தார். மதியத்தில் காற்று திடீரென்று நின்றது. அதுவரை கத்திக் கத்தியே பேசிப் பழகியிருந்ததால், "தட்டை எடு," என்று நான் மகளிடம் சொன்னது மலை முழுக்கக் கேட்டது. அப்புறம் மேற்கே ஓர் இரைச்சல். மரங்கள் ஒவ்வொரு சரிவாகச் சாய்ந்து வருவதைப் பார்த்தேன்.

அளவுச் சங்கிலி இழுக்கும் ஆட்கள் தங்கள் கூரைகளைப் பார்க்க ஓடிவிட்டார்கள். என் கணவர் மட்டும் அளவைக் கருவியின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் நேரே உள்ளே போய் அதைக் குழந்தையின் படுக்கையில் வைத்தார்.

"அதுக்கு ஒரு போர்வையும் போத்திவிடுங்க," என்றேன்.

"ஒடைஞ்சா என் வேலை போய்டும்," என்றார். மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முளைகளை ஒவ்வொன்றாக இறுக அடித்தார். கயிறுகளில் கோத்திருந்த மரக்கட்டையை நகர்த்தி ஒவ்வொரு கயிற்றையும் முறுக்கினார். நான் உள்ளே டிரங்குப் பெட்டிகளை இழுத்து டேராவின் தரையோரத் துணியான அடிச்சீலையின் மேல் வரிசையாக வைத்தேன். மகளை உள்ளே உட்காரவைத்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வந்து ஒரு கயிற்றைத் தொட்டேன். விண்ணென்று இருந்தது. எதிர்க் குன்றின் கொடி தெரியவில்லை. அந்தக் குன்றே தெரியவில்லை. வெள்ளையாக மழை வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டில் நினைவுக்கு வந்தது. தொய்ந்து போனால் முற்றத்தில் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோம். நனைந்த கயிறு தானாக இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை அதிகமாக இழுத்ததில் கால் பொருத்து விட்டே போயிற்று. இங்கே அவர் காய்ந்த கயிற்றை இழுத்த மட்டும் இழுத்து வைத்திருக்கிறார். இனி நனையப் போகிறது.

"கயித்த எளக்குங்க," என்று கத்தினேன்.

"இன்னா?"

"எளக்கணும். நனைஞ்சா சுருங்கும். முளைய புடுங்கிடும்."

"காத்து அடிக்கும்போது எவனாவது கயித்த எளக்குவானா? உள்ளே போ."

"கட்டில் கயிறு நனைஞ்சா இன்னா ஆவுதுங்க?"

"இது கட்டிலா? இத்தனை வருஷமா டேராவுல இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"இத்தனை வருஷமா டேராவுல தூங்கினீங்க. கட்டினது கலாசி."

கல்யாணமாகி அதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் சுத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நான் கிழக்குப் பக்கம் போய் முதல் கட்டையை நகர்த்தினேன். கயிறு தொய்ந்தது. டேரா ஒரு குலுக்குக் குலுங்கியது. நான் தப்பாக நினைத்திருந்தால்? கட்டிலும் டேராவும் ஒன்றா? இது விழுந்தால் காற்று தள்ளியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தளர்த்தியதால் விழுந்தது என்றுதான் ஆகும். ஊருக்குத் திரும்பவும் என் கையாலேயே வழி செய்துகொண்டதாகும். இத்தனையும் நினைத்துக்கொண்டேதான் இரண்டாவது கயிற்றைத் தளர்த்தினேன். மூன்றாவதையும் தளர்த்தினேன். விரல் தோல் உரிந்தது. குழந்தை என் பின்கழுத்தில் வாயை வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கத்தையாவது விட்டு வை," என்று அவர் மேற்குப் பக்கத்தைக் காட்டினார். விட்டு வைத்தேன்.

மழை விழுந்தது. நான் தளர்த்திய கயிறுகள் நனைந்து, மெல்ல மெல்லத் தாமாகவே நிமிர்ந்தன. மேற்கில் முதல் முளை தவளை குதிப்பதுபோல் எகிறி விழுந்தது. அடுத்ததும் கிளம்பியது. சீலை உப்பி, ஓரம் கிழியும் சத்தம் கேட்டது. அவர் மழைக்குள் என்னைத் திரும்பிப் பார்த்தார். மீதிக் கயிறுகளை அவரே ஓடி ஓடித் தளர்த்தினார். பிடுங்கிய முளைகளை வேறிடத்தில் சாய்த்து அடித்தார். கொட்டகைக்குப் போய்விட்டிருக்கலாமோ என்று நான் ஓடைப் பக்கம் பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று ஒடிந்து கிடந்தது. இனி அந்த வழியே குழந்தைகளோடு போக முடியாது.

இருவரும் உள்ளே ஓடினோம். நடுக்கம்பம் ஆடியது. அதை அவர் கட்டிப் பிடித்துக்கொண்டார். கிழிந்த ஓரத்தை நான் பெட்டியோடு சேர்த்து அழுத்தி அதன்மேல் உட்கார்ந்தேன். குழந்தை முதுகில் இருந்தான். மகளைப் பிடிக்க எனக்குக் கை ஒழிவில்லை.

"அப்பாகிட்ட போ," என்றேன்.

"வேணாம்," என்றாள். தனியாக நடுவில் நின்று அழுதாள்.

அவர் கெஞ்சவில்லை. வா கண்ணே என்றும் சொல்லவில்லை. ஆட்களிடம் பேசும் குரலிலேயே, "இங்க ஒரு ஆள் கொறையுது. கம்பத்தைப் புடிக்கணும். நீ புடிக்கிறியா?" என்று கேட்டார்.

அவள் அழுகையை நிறுத்தி யோசித்தாள். போய் அவர் கைகளுக்கு நடுவே நின்று இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்தாள். "கெட்டியா புடிங்க, நீங்க ஆட்டுறீங்க," என்று அவரையே அதட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை விட்டது. காற்று மட்டும் சாதாரணக் காற்றாக அடித்துக்கொண்டிருந்தது. படுக்கை, மீதி அரிசி, என் புடவைகள் எல்லாம் ஈரம். அளவைக் கருவியின் பெட்டியில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "காலைல பொதிமாட்டுக்காரனுக்குச் சொல்லி அனுப்புறேன். நீங்க கீழ போய்டுங்க," என்றார்.

"ஏன்?"

"பேசி வச்சதுதானே."

"பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆனா போறதாத்தான் பேச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. உங்க டேராவுக்குத்தான் ஆச்சு. அத வேணும்னா கீழ அனுப்புங்க."

"காய்ச்சல் வந்தா?"

அந்தக் கேள்வியைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மழை விட்டதிலிருந்து இரண்டு பிள்ளைகளின் நெற்றியையும் எத்தனை தடவை தொட்டேன் என்று எனக்கே தெரியாது. இருந்தாலும் சொன்னேன்: "வந்தா அன்னைக்கு நானே எறங்குறேன். காத்துக்குப் பயந்து எறங்க மாட்டேன்."

அவர் சாமான் மூட்டையில் கோணி ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் கிழிசலைத் தைக்க, அவர் சீலையை இழுத்துப் பிடித்தார். மகள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்கும் காற்று வருமா என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று அவர் விளக்கத் தொடங்கினார். நாலு வயதுக் குழந்தைக்கு அது புரியவே புரியாது. அவள் அவர் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தையலை மெதுவாகவே போட்டேன்.

அவர் சொல்லி அனுப்பினாரோ, அல்லது மழைக்குப் பின் டேரா நிற்கிறதா என்று பார்க்கத்தான் வந்தானோ, காலையில் பொதிமாட்டுக்காரன் இரண்டு மாடுகளோடு வந்து நின்றான். அவர் அளக்கப் போய்விட்டிருந்தார்.

"சாமான் ஏத்தலாமாங்க?"

"ஏத்த ஒண்ணும் இல்லை. போய்ட்டு வாங்க."

அவன் தையல் போட்ட சீலையைப் பார்த்தான், கைக்குழந்தையைப் பார்த்தான். "ஆடி முடியிற மட்டும் அடிக்குங்கம்மா இந்தக் காத்து."

"அடிக்கட்டும்," என்றேன்.

மாடுகள் சரிவில் இறங்கி மறையும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து குழந்தையின் நெற்றியை மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.